முன் இரண்டு வரிசை

ஜூலை 3, புதன்

மழை. மூன்று நாளாகத் துணி காயவில்லை. கீழே எங்கள் கடையில் அடுக்கியிருக்கும் சாக்கெல்லாம் ஈர வாடை. இன்றைக்கும் கிழிசல் சாக்குகளைத் தைத்துத் தைத்துப் பெருவிரல் முழுக்க ஊசிக்குத்து.

மத்தியானம் சுல்ஃபத்துக்கு ஒரு போன். என் கணவர் ஷாஃபியின் தங்கை என்பதால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். வேறு யாராவது ஐந்து மாதமாக வேலை இல்லாமல் இந்த வீட்டில் ஓர் அறையை அடைத்துக்கொண்டு இருந்திருந்தால் என்றோ கேட்டிருப்பேன். எர்ணாகுளத்தில் பெரிய பார்லரில் இருந்தவள். ஒரு பணக்காரியிடம் இந்தச் சாயம் உங்கள் முடிக்கு ஆகாது என்று உண்மையைச் சொல்லி வேலையை இழந்தாள்.

பஜார் ரோட்டுப் பழைய கோடவுனில் சினிமா எடுக்கிறார்களாம். எழுபது வருடத்துக்கு முந்தைய கதை. கதாநாயகி அஞ்சனாவுக்கு அந்தக் காலத்து அலை அலையான சுருள் முடி வேண்டும். அந்தப் பெண்ணின் முடியோ நூல் முடி, வழுக்கிக்கொண்டே போகிறது. டோப்பா வைத்தால் தலை தடித்துவிடுகிறது. மூன்று பேர் வந்து தோற்றுப் போய்விட்டார்கள். மேக்கப் பொறுப்பில் இருக்கும் ஸுப்ரியா முன்பு இவளோடு வேலை பார்த்தவள். பதினைந்தாம் தேதி வந்து செய்து காட்டு, காலையில் வைத்த அலை சாயங்காலம் வரை நின்றால் வேலை உனக்கு என்றிருக்கிறாள்.

நிற்காவிட்டால் ஷார்ஜா. அங்கே இவர்கள் பெரியம்மா மகள் வீட்டில் சமைக்கவும் பிள்ளை பார்க்கவும் ஆள் வேண்டும். விசாவுக்குக் கொடுத்தாயிற்று. இவள் போனால் அறை என் மகள் ஷபானாவுக்கு. கட்டிலை ஜன்னல் பக்கம் போடுவதா சுவர் பக்கமா என்பதுவரை யோசித்துவிட்டேன். இதையெல்லாம் பயமில்லாமல் எழுதலாம். இந்த வீட்டில் தமிழ் பேச எல்லோருக்கும் வரும், வாசிக்க என் ஒருத்திக்குத்தான் வரும்.

பழகிப் பார்க்க ஒரு தலை வேண்டுமாம். "ஒங்க முடியும் அந்தப் பொண்ணு முடியும் ஒரே ஜாதி மைனி," என்றாள்.

எனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டுவிட்டு எழுந்து போனேன்.

ஜூலை 4, வியாழன்

ஒத்துக்கொண்டேன். மூன்று பேரைத் தோற்கடித்த முடி என்று சொன்னாளே, அதில் ஒரு பெருமை வந்துவிட்டது. முப்பத்தெட்டு வருடமாக இந்த முடி என்னை அழ வைத்திருக்கிறது. கிளிப் போட்டால் வாசல் தாண்டுவதற்குள் விழும். கல்யாணத்தன்று வைத்த பூ நிக்காஹ் முடிவதற்குள் தோளில் கிடந்தது.

ஆசையாக ஷாம்பு போட்டுக் குளித்து, மென்மையாக்கும் கிரீமும் தேய்த்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அவள் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். "இன்னிக்குக் குளிச்ச தல வேண்டா மைனி. நேத்து குளிச்ச தல மதி." நேற்றுக் குளித்த தலையே போதுமாம்; பளபளவென்று சுத்தமான முடிதான் அதிகம் வழுக்குமாம். இருந்தாலும் செய்து பார்த்தாள். சோறு வேகுமுன் எல்லாம் நேராகிவிட்டது.

ஜூலை 6, சனி

இன்றைய கூத்தை எழுதியே ஆக வேண்டும். முண்டுக்குக் கஞ்சி போட்டால் விறைப்பாக நிற்கிறதே, முடிக்கும் போட்டால் என்ன என்று நான்தான் சொன்னேன். யோசனை என்னுடையது, மறைக்கவில்லை. சுல்ஃபத் தயங்கினாள். நான் அதட்டினேன்.

நின்றது, மறுப்பதற்கில்லை. ஆனால் காய்ந்ததும் சீப்பு வைத்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது. ஷாஃபி சோற்றுத் தட்டோடு எழுந்து அண்ணாந்து பார்த்து, "மேல பூச்சு விழுதா?" என்று கேட்டார். ஷபானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குளித்து, தொழுகைக்கு முகம் கை கழுவி ஒளு எடுத்து, சாயங்கால மஃரிப் தொழுது எழுந்த பிறகும் காதுக்குப் பின்னால் கஞ்சி.

ஜூலை 7, ஞாயிறு

இன்று கண்ணாடியை விட்டு நகர மனமில்லை.

நேற்று ராத்திரி ஆளிவிதையைக் கொதிக்க வைத்து, துணியில் பிழிந்து, வழுவழுவென்று ஒரு கூழ் எடுத்தாள். அதை முடியில் தடவினாள், தடவினாளா இல்லையா என்று தெரியாத அளவுக்கு. பிறகு சீப்பின் முனையால் வகிடு வகிடாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் இரண்டு விரலில் சுற்றி, வட்டமாகத் தலையோடு படுக்க வைத்துப் பின் குத்தினாள். ஒரு வரிசை வலப்பக்கம் சுருண்டால் அடுத்த வரிசை இடப்பக்கம். நாற்பத்திரண்டு வட்டம். ஒன்றுகூட இழுக்கவில்லை, வலிக்கவில்லை. என் கை சாக்கு தைக்கிற கை. அது படுகிற இடமெல்லாம் முரடு. அவள் விரல் என் தலையில் இருந்ததே பாதி நேரம் எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன்.

காலையில் கழுத்துப் பக்கமிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாகப் பின்னை எடுத்தாள். ஆட்டுக்குட்டி முதுகு மாதிரி இருந்தது. இது போதும் என்று எழப் போனேன். தோளைப் பிடித்து உட்கார வைத்து, பிரஷ்ஷால் வார ஆரம்பித்தாள். வாரினாள், வாரினாள். ஐயோ எல்லாம் போச்சே என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் அலை. நெற்றியில் தொடங்கி ஒரு பள்ளம், ஒரு மேடு, மறுபடி ஒரு பள்ளம் என்று தோள் வரை ஒழுங்காக இறங்குகிறது. யா அல்லாஹ், அது நானா? ஷாஃபி பார்த்துவிட்டுக் கடைக்குப் போனார். பிறகு காரணமே இல்லாமல் இரண்டு தடவை மாடிக்கு வந்தார்.

மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்து மறுபடி கண்ணாடி பார்த்தேன். பின்னால் அப்படியே இருக்கிறது. முன் இரண்டு வரிசை மட்டும் தொங்கிவிட்டது.

ஜூலை 8, திங்கள்

முன் இரண்டு வரிசை போயிற்று. இன்றும் மத்தியானம்தான்.

ஜூலை 10, புதன்

தலைக்குப் போடும் தட்டம் உரசுவதால் இருக்கும் என்று நேற்று முழுக்க என்னை வெளியே விடாமல் தட்டமில்லாமல் மாடியிலேயே உட்கார வைத்தாள். போயிற்று. கடல் காற்றின் ஈரமாக இருக்கும் என்று இன்று ஜன்னலையெல்லாம் சாத்தினாள். வெந்து செத்தேன், அதுதான் மிச்சம். முன் இரண்டு வரிசை போயிற்று.

நானாக இருந்தால் சீப்பைக் காயலில் எறிந்திருப்பேன். இவள் ஒரு நோட்டில் மலையாளத்தில் மணி எழுதுகிறாள்: எப்போது பின் எடுத்தது, எப்போது தொங்கியது. என்னைக் குறை சொல்லவில்லை, மழையைத் திட்டவில்லை. "சாரமில்ல, போகட்டும் மைனி, நாளைக்குப் பார்ப்போம்" என்று மறுபடி முதல் வட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறாள். இவளை ஐந்து மாதமாகச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. எனக்குக் கண் இருந்ததா?

ஜூலை 12, வெள்ளி

அழுதாள். சத்தமில்லாமல், பின்களைத் துடைத்து டப்பாவில் அடுக்கிக்கொண்டே. "எல்லாம் சரியா இருக்கு மைனி. என் கைதான் சரியில்ல."

ஷார்ஜாவுக்குப் போன் போட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டாளாம்.

நான் சந்தோஷப்பட வேண்டும், இல்லையா? அறை கிடைக்கப் போகிறது. நான் ஏன் மீன் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்? அந்தக் கையை வைத்துக்கொண்டு யார் வீட்டிலோ பாத்திரம் தேய்க்கவா? எனக்குப் பொறுக்கல. சத்தியமாப் பொறுக்கல.

பதினைந்தாம் தேதி எப்படியும் போய்த்தான் ஆக வேண்டும் என்று திட்டினேன். திட்டுவதுதான் எனக்கு வரும்.

ஜூலை 14, ஞாயிறு

நின்றுவிட்டது!

முன் இரண்டு வரிசையை நேற்று ரொம்பச் சின்னச் சின்ன வட்டமாக, ஒன்றுக்கு இரண்டாக, இறுக்கி வைத்திருந்தாள். எனக்கு நேற்றே மாதாமாதம் வரும் தொழுகை இல்லாத நாள் ஆரம்பித்துவிட்டது. வயிற்றுவலியோடு நாள் முழுக்கச் சுருண்டு கிடந்தேன். சாயங்காலம் எழுந்து பார்த்தால் முன்னால் அசையவே இல்லை. கொஞ்சம் இறுக்கம்தான், நெற்றியில் கம்பளியை ஒட்டிய மாதிரி. பரவாயில்லை, நிற்கிறதே. சுல்ஃபத் என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்டுபிடித்துவிட்டேன் மைனி, முன்னால் இப்படித்தான் இறுக்க வேண்டும் என்றாள். ஐந்து மாதத்தில் அவள் முகத்தில் இன்றுதான் வெளிச்சம் பார்த்தேன்.

ஜூலை 15, திங்கள்

 நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஏழு மணிக்கு அவள் போனாள். எட்டு மணிக்கு நான் மத்தி கழுவிக்கொண்டிருந்தேன். நெற்றியில் ஒரு கற்றை விழுந்தது. ஈரப் புறங்கையால் ஒதுக்கினேன். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியைப் பார்த்தால், அந்த ஒரு கற்றை மட்டும் நேராகத் தொங்குகிறது. பக்கத்தில் உள்ளதெல்லாம் அப்படியே நிற்கிறது.

ஈரக் கை. நெற்றிக்கு மேலே.

மீனை அப்படியே போட்டேன். ஒளு! தொழுகைக்கு முன்னால் முகம், கை கழுவி, நனைந்த உள்ளங்கையால் நெற்றிக்கு மேலே முன்தலையைத் தடவுகிறோமே. ஒரு நாளைக்கு ஐந்து வேளை. அலையைக் கலைத்தது நான்தான், மழையோ தட்டமோ அவள் கையோ இல்லை. நேற்றும் முந்தாநாளும் தொழவில்லை, ஒளு எடுக்கவில்லை, அதனால் நின்றது. அவளும்தான் தினமும் என் பக்கத்துக் குழாயில் நின்று ஒளு எடுத்தாள். சின்ன வயதிலிருந்து செய்வதை யார் கவனிக்கிறார்கள்?

அப்படியானால் முன்னால் இறுக்க வேண்டிய தேவையே இல்லை. அஞ்சனா நெற்றியிலும் இவள் கம்பளியை ஒட்டி வைக்கப் போகிறாள். எனக்காவது தட்டம் இருக்கிறது. அவளுக்குக் கேமரா.

போன் போட்டால் அணைத்து வைத்திருக்கிறது. தட்டத்தைப் போட்டுக்கொண்டு மழையில் ஓடினேன். கோடவுன் வாசலில் காவலாளி விடவில்லை. திரும்பி ஓடி வந்து, கடையிலிருந்து ஒரு கட்டுச் சாக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மறுபடி போனேன். "ஷூட்டிங்குக்குச் சாக்கு," என்றேன். அந்தச் சேட்டன் கதவை அகலத் திறந்துவிட்டார்.

அஞ்சனா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், தலை முழுக்கப் பின். ஸுப்ரியா பக்கத்தில் நிற்கிறாள். சுல்ஃபத் வாயில் பின்னைக் கவ்விக்கொண்டு கடைசி வரிசையில் இருக்கிறாள். எனக்கு மெதுவாகச் சொல்லத் தெரியாது. எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"முன்னால இறுக்காத. தப்பு ஒன் கையில இல்ல, என் கையில. ஒளு எடுக்கும்போது ஈரக் கையால தடவித் தடவி நான்தான் கலைச்சிருக்கேன்."

வாயிலிருந்த பின்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். தன் உள்ளங்கையைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், அழுவாள் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. முன் இரண்டு வரிசைப் பின்களையும் எடுத்து, முடியை நனைத்து, பெரிய வட்டமாக முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தாள்.

பத்து மணிக்கு ஆள் வந்துவிட்டான், டைரக்டர் ரெடி என்று. சூடு காட்டிக் காய வைத்தாயிற்று, ஆனால் முடி இன்னும் ஆறவில்லை. சூட்டோடு பின் எடுத்தால் சுருள் நிற்காது. ஆள் இரண்டாம் தடவை வந்தான். மூன்றாம் தடவை குரலை உயர்த்தினான். தன்னைப் பெற்ற வாப்பாவிடம்கூட நிமிர்ந்து பேசாத என் சுல்ஃபத் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "ஆறல. ஆறாம நான் பின் எடுக்க மாட்டேன்."

நானே ஒரு அடி பின்னால் போனேன். ஸுப்ரியா வாட்சைப் பார்த்தாள். இருபது நிமிடம். காய்ச்சல் பார்க்கிற மாதிரி அந்தத் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு பின் எடுத்தாள். வாரினாள். நான் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. அலை நெற்றியிலிருந்தே விழுந்தது, பெரிதாக, சாவகாசமாக. அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்து மூச்சை இழுத்தாள். தொடக் கையைத் தூக்கினாள். சுல்ஃபத் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

கொண்டுபோன சாக்குக் கட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தேன், ஐந்து மணி வரை. லைட்டுச் சூடு, மழைச் சாரல், அந்தப் பெண் ஓடினாள், அழுதாள், படிக்கட்டில் விழுந்தாள். அலை அப்படியே நின்றது. ஸுப்ரியா வந்து முன் வரிசையை விரலால் லேசாகத் தொட்டுப் பார்த்தாள்.

"நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடு," என்றாள்.

வீட்டுக்கு வந்தால் மத்தி முழுவதையும் பூனை தின்றிருந்தது.

ஜூலை 18, வியாழன்

ஷாஃபியின் போனில் ஷார்ஜா விசா வந்தது. அவர் என்னைப் பார்த்தார், சுல்ஃபத்தும் என்னைத்தான் பார்த்தாள். அவளுக்கு இங்கே வேலை இருக்கிறது, வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். அவர்கள் வாப்பா சாயாவை உறிஞ்சிக்கொண்டே தலையை ஆட்டினார்.

ஜூலை 21, ஞாயிறு

ஷபானாவின் கட்டிலைச் சுல்ஃபத்தின் அறையிலேயே போட்டாயிற்று. ஜன்னல் பக்கம். சுவர் பக்கம் அவள்.

ஜூலை 29, திங்கள்

நேற்று லீவு நாளில்கூட என்னை விடவில்லை. உட்காருங்கள் மைனி என்று நாற்பத்திரண்டு வட்டத்தையும் வைத்துவிட்டாள். காலையில் ஐந்தரைக்குப் பின் எடுத்து வாரிவிட்டு வேலைக்கு ஓடினாள். ஸுப்ரியா அடுத்த படத்துக்கும் கேட்டிருக்கிறாளாம்.

காலை முழுவதும் தட்டத்துக்குள் அந்த அலையோடு கடையில் உட்கார்ந்து சாக்குத் தைத்தேன். அரிசி மண்டிக்காரர்கள் வந்து போனார்கள். ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

லுஹருக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். குழாயடிக்குப் போனேன். முகம், கை கழுவினேன். உள்ளங்கையை நனைத்து ஒரு நிமிடம் நின்றேன். பிறகு நெற்றிக்கு மேலே முன்தலையில் தடவினேன், எப்போதும் போல.

முன் இரண்டு வரிசை போயிற்று. போகட்டும். சாயங்காலம் ஆறரைக்கு அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.