காலை எடுத்தால் நிற்கிற நடுக்கம்

இன்று காலை என் ஆள்காட்டி விரலில் குங்குமம் ஒட்டியிருந்தது. கோயிலுக்குப் போகவில்லை. மெக்கானிக் உன் வண்டியின் அடியிலிருந்து கழற்றி வைத்த நீண்ட ஷாஃப்டைத் துணியால் துடைத்தேன். கிரீஸுக்கு அடியில் கருஞ்சிவப்பாக நாலைந்து பொட்டுகள். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் ஐந்து மாதமாகிறது. இரண்டே இருக்கை உள்ள உன் பழைய ஸ்போர்ட்ஸ் காரை உன் மகள் என்னிடம் கொடுத்துவிட்டாள். “அப்பாவுக்கு அப்பறம் இத அறிஞ்சவா நீங்கதானே மாமா” என்றாள். அறிந்தேனா என்பதுதான் என் சந்தேகம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இப்போதும் அதே நடுக்கம். அதனால்தான் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

அந்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள் உனக்கு நினைவிருக்கும். எஞ்சினின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் இந்த ஷாஃப்டை, மூட்டுகள் தேய்ந்துவிட்டன என்று, கரமனையில் உன் வீட்டு ஷெட்டில் கழற்றினோம். இரு முனையிலும் கவட்டை மாதிரி ஒரு கவை; நடுவில் இரண்டு துண்டாகப் பிரியும். பிரிந்த அதே பற்களில் திரும்பச் சேர வேண்டும். எண்ணெய்ப் பசையில் சாக்பீஸ் நிற்கவில்லை. பூஜைக்கு வாங்கி வைத்திருந்த குங்குமத்தைத் தொட்டு, இரு துண்டிலும் நேருக்கு நேர் ஒரு பொட்டு வைத்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். மறுநாள் உன் மனைவி, நான் மன்னி என்று கூப்பிடுகிறவள், ஸ்பேனர், ஜாக்கி, ஷாஃப்ட் எதையும் விடாமல் குங்குமம் வைத்துவிட்டாள்.

விஜயதசமியன்று நீ குனிந்து பார்த்துச் சிரித்தாய். “எடா, இதில உன் பொட்டு ஏது, அவ பொட்டு ஏது?”

ஒன்றைக் காட்டினேன். எனக்கு உறுதியில்லை. அதைச் சொல்லவில்லை.

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று மாட்டினாய்.

அடுத்த முறை பொன்முடிக்குப் போகையில், விதுரா தாண்டி மேட்டில் நீ மிதித்ததும் வண்டி முழுக்க நடுங்கியது. நான் நோட்டில் வரிசை போட்டேன்: டயர், சக்கர பாலன்ஸ், எஞ்சினைத் தாங்கும் ரப்பர். ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஷாஃப்டைக் கடைசியில் எழுதி, கேள்விக்குறி போட்டு, நோட்டை மூடிவிட்டேன்.

அதற்குள் உன் கையும் நடுங்க ஆரம்பித்தது. டபராவும் டம்ளரும் உரசும் சத்தம் கூடத்தில் கேட்கும். நடுங்குவது வண்டியல்ல, நீதான் என்று வீட்டில் பேச்சு. பொன்முடிச் சாலையில் கல்லாறு பக்கம் வண்டியை ஓரங்கட்டி என்னிடம் சொன்னாய்: “கேட்டயா, ஆக்ஸிலரேட்டர்லேந்து கால எடுத்தா நிக்கறது. என் கைன்னா, கால எடுத்தா நிக்குமோ?” சரியான சோதனை. நாள் போட்டு எழுதியும் வைத்தேன்.

ஆனால் உன் மகள் என்னிடம், “மாமா, நீங்க சொல்லுங்கோ. வண்டியா, அப்பாவா?” என்று கேட்டபோது நீ என்னைப் பார்த்தாய். “நிச்சயமாத் தெரியலையேம்மா” என்றேன். நீ சாவியை மேசைமேல் வைத்தாய். பிறகு எடுக்கவேயில்லை.

இன்று மெக்கானிக் ஒரே பார்வையில் சொல்லிவிட்டான். “ஸாறே, ரெண்டு முனைக் கவையும் ஒரே நேரா வரணுமல்லோ. இது திரிஞ்சு கிடக்கு. ஆரு மாட்டினது?”

“நாங்கள்தான்” என்றேன். ‘நான்’ என்று அப்போதும் வாயில் வரவில்லை.

சரியாக மாட்டி அவன் ஓட்டிக் காட்டினான். நடுக்கம் போய்விட்டது. உன் மகளுக்குப் போன் செய்து, பொட்டு விஷயம் முழுக்கச் சொன்னேன். “அப்பா கையும் நடுங்கித்தே, மாமா” என்றாள். அதுவும் உண்மை. அன்று நான் வாய் திறந்திருந்தால் இன்னும் சில மாதம் ஓட்டியிருப்பாய். அல்லது ஏதாவது ஒரு வளைவில்...

சாயங்காலம் தனியாக எடுத்துப் போனேன். ஸ்டியரிங்கில் லேசாக ஏதோ அதிர்ந்தது. நீ சொன்னபடி காலை எடுத்தேன். நிற்கவில்லை. ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். அப்போதும் என் கையில் அது நிற்கவில்லை.

நோட்டை மடியில் வைத்து, நாள் எழுதி, பக்கத்தில் ‘நான்’ என்று கோணல்மாணலாக எழுதினேன். கேள்விக்குறி போடவில்லை.