வாட்ச் கவுண்டரில் இரண்டு கைகள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ செய்து அனுப்பிய செயற்கைக் கை பத்திரமாக வந்து சேர்ந்தது. நகம், ரேகை, முட்டிச் சுருக்கம் எல்லாம் அச்சு அசல். நிறம்தான் கொஞ்சம் தூக்கல். என் போன் கேட்காமலேயே பவுடர் பூசிவிடும் ரகம்; அதில் எடுத்த வலது கைப் படத்தைத்தானே உனக்கு அனுப்பினேன்.

ஆனால் யோகத்தைப் பார். விபத்தில் இடது கை போனதும் என்னைக் கிடங்கில் அட்டைப்பெட்டி மடிக்கப் போட்டார்கள் இல்லையா? இந்த வெள்ளைக் கையைப் பார்த்ததும் சூப்பர்வைசர் மறுபடி வாட்ச் கவுண்டருக்கே கூப்பிட்டுவிட்டார். "இந்தக் கையில வாட்ச் கட்டினா எடுப்பா இருக்கும்மா. அந்தக் கையை மட்டும் கீழ வச்சுக்க" என்றார். அந்தக் கை என்றது என் சொந்தக் கையை.

அதை ஒளித்துக்கொண்டு நான் எப்படி வார் பூட்டுவது? வலது கைக்கும் இதே நிறத்தில் ஓர் உறை செய்து தாயேன். மாட்டேன் என்று மட்டும் சொல்லாதே. மறுபடி அந்தக் கிடங்குக்குப் போக என்னால் முடியாது.

உன் வாயாடி


மார்ச் 9

அன்புத் தங்கச்சிக்கு,

படித்ததும் வயிறு எரிந்தது. பாதி எரிச்சல் அந்த மனுஷன் மேல், மீதி உன் மேல்.

உறை செய்து தர மாட்டேன். உன் நிறத்திலேயே வேறு இடது கை செய்கிறேன்; அதற்கு உன் வலது கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நிறம் கலக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வா. சாக்குப்போக்கு சொன்னால் நானே உன் கடை வாசலில் வந்து நிற்பேன். சொன்னால் செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

கவுண்டரில்தான் இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ பதறாதே.

பட்டறைக்கு வந்துபோய் இத்தனை நாளாகியும் பிரமிப்பு அடங்கவில்லை. ஜன்னலோரம் என் கையை வைத்துக்கொண்டு கிண்ணத்தில் மஞ்சள் விட்டாய், சிவப்பு விட்டாய். அடுத்து கருப்புதான் என்று பார்த்தால் நீலத்தை எடுத்தாய். கருப்பு எப்போது என்று கேட்டேன். "உன் கையில கருப்பு எங்கடி இருக்கு? காட்டு பாப்போம்" என்றாய்.

நிஜமாகவே தேடினேன் அக்கா. விரல் நுனியில் ரோஜா, முட்டியில் ஊதா. நரம்பு ஓடும் இடத்தில் பச்சைகூட இருந்தது. பிறந்ததிலிருந்து எல்லாரும் கருப்பி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்ட தோலில் இவ்வளவு இருந்திருக்கிறது. என் கையையே யாரோ பெரிய மனுஷியின் கையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. தூசி என்று பொய் சொன்னேன்.

புதுக் கையை மாட்டிக்கொண்டு நேற்று கடைக்குப் போனேன். இரண்டு கையையும் கண்ணாடி மேல் வைத்தேன். வாட்ச்சை வேண்டுமென்றே வலது கையில் கட்டிவிடச் சொல்லியிருந்தேன். பக்கத்துக் கவுண்டர் பெண் கட்டிவிட்டாள்.

சூப்பர்வைசர் வந்தார். மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாட்ச் கட்டிய கையைக் காட்டி, "என்னம்மா இது, பொம்மைக் கை இப்படி இருக்கு? இதைக் கழட்டிட்டு பழைய வெள்ளைக் கையை மாட்டு" என்றார்.

"அதைக் கழட்ட முடியாது சார்" என்றேன். "பொறக்கும்போதே வந்தது."

உன் தங்கை