ஐந்து பேரையும் ஒரே நாளில் அழைக்கும்படி

அனுப்புநர்:
ஃப்ளோ சைட்டோமெட்ரி பயிற்சி மாணவி,
ஜன்னலோர மேசை, பயிற்சி ஆய்வகம்,
இரண்டாம் தளம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
ஆராய்ச்சி நிலையம்,
தரைத்தளம்.

பொருள்: பயிற்சிக்காக ரத்தம் கொடுத்த ஐவரில் ஒருவரது ரத்தத்தில் தென்பட்ட மாற்றத்தை என் கைப்பிழை என ஒதுக்கிவிட்டது குறித்த புகார் – ஐவரையும் திரும்ப அழைத்துப் பரிசோதிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் நான் நேரில் தெரிவித்த கோரிக்கைகள். எழுத்தில் பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடங்களாக வேலை பார்ப்பவள். அங்கே ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கான புது இயந்திரம் வாங்கப் போகிறார்கள் என்பதால், அதைக் கற்றுவர என்னை இங்கே அனுப்பினார்கள். ரத்தத்தின் அணுக்கள் ஒவ்வொன்றாக லேசர் ஒளியைக் கடக்கும். நாம் ஏற்றிய சாயம் ஒளிரும். ஒவ்வோர் அணுவும் திரையில் ஒரு புள்ளியாக விழும். வேண்டிய புள்ளிக் கூட்டத்தைச் சுற்றி வட்டம் போட வேண்டும். உள்ளே இருப்பது கணக்கு, வெளியே இருப்பது குப்பை. எங்கள் படிப்பில் பாதி இந்த வட்டம்தான்.

2. பழகுவதற்கு ஆரோக்கியமான ரத்தம் வேண்டும் என்று, மாணவர் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துவரச் சொன்னார்கள். நாங்கள் ஐந்து பேர். நான் என் தம்பியை அழைத்துவந்தேன். அவன் லிஃப்ட் மெக்கானிக். என் வீட்டு மாடியில் மனைவியோடு குடியிருக்கிறான். முப்பது வயதாகியும் ஊசி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். படிப்புக்குத்தான், உனக்கு ஒன்றுமில்லை என்று நான்தான் சொன்னேன். கொடுத்துவிட்டு ஜூஸ் குடித்தான், மற்ற நால்வரின் பிஸ்கட்டையும் சேர்த்துத் தின்றான்.

3. இவர்கள் நோயாளிகள் அல்லர் என்பதால், எந்தக் குழாய் யாருடையது என்று எங்கும் குறித்துவைக்கக் கூடாது என்பது இங்கே விதி. குழாய்களில் நிறப்பொட்டு மட்டும் ஒட்டினார்கள். விதியில் எனக்குக் குறையில்லை. நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பார்கள்.

4. என் மேசைக்கு வந்தது பச்சைப் பொட்டுக் குழாய். பி அணுக்கள் என்று ஒரு வகை வெள்ளை அணு உண்டு. அவற்றில் சில கப்பா என்ற புரதத்தையும், மற்றவை லாம்ப்டா என்ற புரதத்தையும் தாங்கியிருக்கும். ஆரோக்கியமான ரத்தத்தில் இரண்டும் கலந்தே இருக்கும். என் திரையில் ஏறக்குறைய எல்லாமே கப்பா. ஒரே அணு தன்னைத் தானே பிரதியெடுத்துப் பெருகும்போதுதான் அப்படித் தெரியும். அல்லது, லாம்ப்டாவுக்கான சாயத்தைக் குழாயில் விட மறந்திருந்தாலும் அப்படித்தான் தெரியும்.

5. முதல் வாரத்தில் ரத்தமே வைக்காமல் இயந்திரத்தை ஓட்டி, வெற்றுத் திரையை வெகுநேரம் ஆராய்ந்தவள் நான். அன்றிலிருந்து வகுப்பில் எனக்கு மறதி மேடம் என்று பெயர். எனவே சாயத்தை மறந்துவிட்டேன் என்று எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஒருங்கிணைப்பாளர் என் வட்டத்தை அழித்துவிட்டு, பக்கத்து மேசையின் படத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னார்.

6. பக்கத்து மேசைக்காரி பெரிய கண்ணாடி போட்டவள். அவளைக் கண்ணாடி என்றே அழைப்போம். மறுநாள் அவளை அருகில் நிறுத்திவைத்து, ஒவ்வொரு சாயத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்து, அதே குழாயின் ரத்தத்தை மறுபடி பார்த்தேன். அதே படம். ஆனால் ஓர் ஓரத்தில் சில பி அணுக்கள் லாம்ப்டாவோடு ஒழுங்காக ஒளிர்ந்தன. சாயம் விடுபட்டிருந்தால் அவையும் ஒளிர்ந்திருக்காது. முதல் நாள் படத்தைத் திறந்தோம். அதிலும் அவை இருந்தன. நான் எதையும் மறக்கவில்லை.

7. ஐயா, இது நோயாக இல்லாமலும் இருக்கலாம். வயதானவர்கள் சிலருக்கு இப்படி ஒரு சிறு கூட்டம் இருந்து, கடைசிவரை ஒன்றும் செய்யாமல் போவதுண்டு என்று எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. ரத்தப் புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. எது என்று சொல்ல, அந்த ஆளின் ரத்தம் மறுபடி வேண்டும். ஐவரையும் அழைக்கலாமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நார்மல்னு சொல்லிக் கூட்டிட்டு வந்த ஆளுங்கம்மா அவங்க. நார்மலாவே இருக்கட்டும், விடுங்க" என்றார். பின்னர் இருமுறை கேட்டபோதும் பதில் மாறவில்லை. என் புகார் இதுதான்.

8. அடுத்த பாடம் ஒற்றை அணு ஆய்வு. செலவு மிச்சம் என்று ஐவரின் ரத்தத்திலும் மீதமிருந்ததை ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். அதனால் பச்சைக் குழாயும் போயிற்று. ஒவ்வோர் அணுவுக்குள்ளும் எந்த மரபணு வேலை செய்கிறது என்று தனித்தனியாகப் படித்து, ஒத்த அணுக்களை அருகருகே வைத்துக் கணினி ஒரு வரைபடம் போட்டது. அதில் கப்பா கூட்டம் ஒரு தீவாகத் தனியே நின்றது. அதற்கு ஒன்பதாம் குழு என்று பெயர் வைத்துவிட்டுப் பத்தாம் குழுவுக்குப் போனோம். ஒரு துளியில் ஆயிரக்கணக்கான அணுக்களைப் பிரித்துப் பார்க்கிறோம், ஐந்து மனிதரைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கு அப்போது சிரிப்பு வந்தது.

9. பிடித்த மரபணுவைத் தேர்ந்து வரைபடத்துக்கு நிறமேற்றிப் பழகுங்கள் என்றார்கள். கண்ணாடி ஒரு பெயரைத் தட்டினாள். ஆண்களின் அணுக்களில் மட்டும் வேலை செய்யும் மரபணு அது. ஒன்பதாம் குழு முழுக்கச் சிவந்தது. ரத்தம் கொடுத்தவர்களில் மூவர் பெண்கள். ஆண்கள் இருவர்: ஒருவர் கண்ணாடியின் மாமனார், மற்றவன் என் தம்பி. அவள் கணினியை மூடினாள். இருவரும் சாப்பிடப் போனோம். டப்பாவைத் திறந்து முழுவதும் சாப்பிட்டோம். மாமனாராக இருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். வயதானவர், அவருக்கு இருந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. அவள் என் தம்பியாக இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

10. அன்று மாலை தம்பியிடம், இருவரில் ஒருவர் ரத்தத்தில் ஏதோ தெரிகிறது, இன்னொரு முறை கொடு என்றேன். நன்றாக ஓடுகிற லிஃப்ட்டை யாராவது திறந்து பார்ப்பார்களா என்று கேட்டான். மாதந்தோறும் அதைத்தான் செய்து அவன் சம்பளம் வாங்குகிறான். அதைச் சொன்னேன். அவன், "நானா இருந்தா எங்கிட்ட சொல்லாதக்கா. அவரா இருந்தா இன்னைக்கே போய்ச் சொல்லிடு" என்றான். சரி என்றேன். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. காலையில் செய்தித்தாள் எடுக்க அவன் கீழே வரும்போது கழுத்தைப் பார்க்கிறேன், வீக்கம் இருக்கிறதா என்று. என்ன பார்வை என்று ஒரு நாள்கூட அவன் கேட்டதில்லை.

11. கண்ணாடி தன் மாமனாரிடம் மறைக்கவில்லை. அவர் தாமாகவே வெளியே ஒரு மருத்துவரிடம் போய், இதே பரிசோதனையைச் செய்துகொண்டார். முந்தாநாள் நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்துத் தண்ணீர்க் குழாயைத் திறந்து, "மாமாவுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். நல்லது என்றேன். உண்மையாகவே சொன்னேன். அவள்தான் அழுதாள். எனக்கு வரவில்லை, இன்றுவரை வரவில்லை. ஒருக்களித்துப் படுத்து மரத்துப்போன கையைத் தொட்டால் அது வேறு யாருடைய கையோ என்று தோன்றுமே, அப்படி இருக்கிறேன். வகுப்புக்கு வருகிறேன். என் வட்டங்கள் இப்போது சரியாக இருப்பதாக ஒருங்கிணைப்பாளர் பாராட்டினார்.

12. ஆகவே, யார் என்று கண்டுபிடித்துத் தரும்படி நான் தங்களிடம் கேட்கவில்லை. அது எனக்குத் தெரியும். நான் கூப்பிட்டால் அவன் வரமாட்டான். கூப்பிடும் விதத்திலேயே அவனுக்குப் புரிந்துவிடும். அலுவலகக் கடிதம் வந்தால், எல்லோருக்கும் வந்திருக்கிறது என்று தெரிந்தால், வருவான். பள்ளியில் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து அப்படித்தான்.

13. எனவே ஐவருக்கும் ஒரே வாசகத்தில் கடிதம் அனுப்பி, ஒரே நாளில் அழைக்க வேண்டுகிறேன். தொலைபேசியில் கூப்பிட வேண்டாம், என் மூலமாகக் கொடுத்தனுப்பவும் வேண்டாம். மற்ற மூவரும் வரச் சம்மதித்துவிட்டார்கள். கண்ணாடியின் மாமனாருக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அவர் தம் மருமகளிடம், "நான் போகலைன்னா அந்தப் பையனுக்குத் தெரிஞ்சுடும்மா. எனக்கும் சேர்த்தே கடுதாசி போடச் சொல்லு, நானும் வந்து கையை நீட்டுறேன்" என்று சொல்லியனுப்பியிருக்கிறார். அவரைப் பற்றி நான் நினைத்ததை ஒன்பதாம் பத்தியில் எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை.

14. ரத்தத்தை என்னிடம் தர வேண்டாம். நோயாளிகளுக்கான பிரிவில், தகுதியுள்ள மருத்துவர் பார்க்கட்டும். அவன் வயதில் இது வழக்கமில்லை என்பதால் தாமதம் வேண்டாம். முடிவை அவனைத் தனியாக உட்காரவைத்து, கூடவே அவன் மனைவியையும் அழைத்து, அந்த மருத்துவரே சொல்லட்டும். என் கைப்பிழை என்று எழுதப்பட்ட குறிப்பைத் திருத்துவதும் திருத்தாததும் தங்கள் விருப்பம்.

15. இம்மனுவின் நகலை யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் அவனுக்குக் கொடுத்த வாக்கை மீறுவதாகத் தாங்கள் கருதலாம். அவனிடம் சொல்ல மாட்டேன் என்று நான் ஒப்புக்கொண்டேன், ஐயா. தாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

தங்கள் கடிதம் எங்கள் வீட்டு மாடிக்கு வந்து சேரும் என்ற நம்பிக்கையுடன்,

இடம்: ஜன்னலோர மேசை
நாள்: வெள்ளிக்கிழமை, வகுப்பு தொடங்கும் முன்

(கையொப்பம்)
பயிற்சி மாணவி,
ரத்தம் கொடுத்த ஐவரில் ஒருவனுக்கு அக்கா