கம்புக்கு அடியில் ஒரு பெயர்

என்னங்க,

குக்கரில் சோறு இருக்கிறது. புளிக்குழம்பைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

எறும்பு மொய்க்கிறதே என்று, நீங்கள் செய்து முருங்கையில் கட்டிய குருவித் தீனிப் பெட்டியை இறக்கினேன். கம்பைக் கொட்டியதும் தூக்கிவாரிப்போட்டது. தட்டுப் பலகையில் நம் மகள் பெயர்! ‘டாக்டர் பெனிட்டா’ என்று வாசலில் மாட்டியிருந்தோமே, அதே தேக்குப் பலகை.

அவள் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிய அன்றே அதைப் பிடுங்கினீர்கள். “வெந்நீர் அடுப்புல எரிச்சிட்டேன். ஏட்டி, இனி அவ பேச்ச எடுக்காத” என்றீர்கள். அதை நம்பி இரண்டு வருஷமாக உங்களிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேனே! தினமும் காலையில் அந்தப் பெயர்மேலா கம்பு போட்டீர்கள்?

நானும் ஒன்றை மறைத்தேன். அவள் கைக்குழந்தையோடு இன்று கரிவலம்வந்தநல்லூரில் என் தங்கச்சி வீட்டுக்கு வருகிறாள். உங்களுக்குத் தெரியாமல் பார்த்துவிட்டு வரலாம் என்றிருந்தேன். இப்போது நம் வீட்டுக்கே கூட்டிவரப் போகிறேன்.

எஸ்தர்

பி.கு: பெட்டியைக் கழுவித் திரும்பக் கட்டிவிட்டேன். கம்பு போட்டு மூடிவிடாதீர்கள். குருவிகள் ஒருநாள் பொறுத்துக்கொள்ளும்.