டீச்சரம்மாவுக்குத் தோண்டிய குழி

அன்புள்ளவளுக்கு,

நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு மாதமாகிறது. இங்கே மலையில் குளிர் எலும்பு வரை ஏறுகிறது. விடிந்ததும் கோழிகளின் தண்ணீர்த் தட்டில் உறைந்ததை உடைத்தெடுத்துவிட்டு வெந்நீர் ஊற்றுகிறேன். கோழி என்றாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறவன் நான், உனக்குத் தெரியும். ஆனாலும் பாப்பா வளர்த்தவை ஆயிற்றே.

கூண்டை ஒட்டி ஒரு தெருநாய் வந்து படுக்கிறது. முதலில் கல்லெடுத்து விரட்டினேன். அது கோழிகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, கதகதப்புக்குத்தான் வருகிறது. பழைய சாக்கு ஒன்றை விரித்துப் போட்டேன்.

நேற்றுக் காலை டீச்சரம்மா செத்துக் கிடந்தாள். மற்ற கோழிகளை ஓயாமல் அதட்டுகிறாள் என்று பாப்பா பெயர் வைத்தாளே, அந்தப் புள்ளிக் கோழிதான். வேலியோரம் குழி தோண்டினேன். மண் இறுகிப் போயிருந்தது. பாதியில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஓடி வந்தார்.

"என்ன சார், ஒரு கோழிக்காகவா இப்படி அழறீங்க?"

"கோழிக்காக இல்லைங்க."

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். மீதிக் குழியை அவரே தோண்டினார்.

பாப்பா கண்ணை மூடிய அன்று, ஆஸ்பத்திரியில் நான் மரம் மாதிரி நின்றேன். "ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரலையா உங்களுக்கு?" என்று கேட்டாய். அதன் பிறகு நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

உன்னைத் திரும்பி வா என்று கூப்பிட இதை எழுதவில்லை. அந்தக் கண்ணீர் நேற்று வந்தது. இன்னும் நிற்கவில்லை. இதை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

பாப்பாவின் அப்பா