நவ்பர் மச்சான் சுடாத மரை

கிரான்பர்ன், மெல்பேர்ன்

மதிப்புக்குரிய வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் பிரஷர் எப்படி? உம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

உங்கள் மருமகன் நவ்பர் மச்சான் மரை மானின் கொம்பைப் பிடித்து நிற்கும் படத்தைப் போனில் பார்த்திருப்பீர்கள். ஊரெல்லாம் காட்டியும் இருப்பீர்கள். படம் எடுத்தவன் நான். மரையைச் சுட்டவன் அவரோடு வேலை செய்யும் வெள்ளைக்காரன் கிரேக். பனிமழையில், முட்புதருக்குள் விழுந்தெழும்பி நாங்கள் பள்ளத்துக்கு இறங்கியபோது அது செத்துக் கிடந்தது. அதன்பிறகுதான் உங்கள் மருமகன் பிஸ்மி சொல்லிக் கழுத்தில் கத்தி வைத்தார்.

“மச்சான், கிரேக் சுட்டது. உசிரோட அறுக்காட்டி ஹலாலா?” என்றேன்.

“வாய மூடு. என்ட வீட்டுல இருந்துகொண்டு எனக்கே ஓதித்தர வாறியா?”

பின்தொடைகள் இரண்டையும் என் முதுகில் ஏற்றிவிட்டு, அவர் கொம்போடு முன்னால் நடந்தார். இப்போது தானே பிஸ்மி சொல்லிச் சுட்டதென்று பதினொரு வீடுகளுக்கு இறைச்சி பங்கு வைத்திருக்கிறார். அந்த வீடுகளின் பிள்ளைகளும் தின்கிறார்கள்.

யாராவது வந்தால் காலுக்குப் போட இரண்டு சோடி கம்பளி மேஸும், உம்மா இடித்த கறித்தூளும் கொடுத்தனுப்புங்கள். தனியாகச் சமைக்க ஒரு அறை தேடுகிறேன்.

வேலைக்கு நேரமாகிறது. இன்று பகல் உங்கள் மகள் ஜலீலா ராத்தா அந்த இறைச்சியை என் பீங்கானில் வைத்து, “மச்சான் சுட்டதுடா, தின்னு” என்று என் முகத்தையே பார்த்து நின்றா. மச்சானை எதிர்த்துப் பேசாதே என்றுதானே விமானம் ஏற்றினீர்கள்? பேசவில்லை, வாப்பா. தின்றேன்.

இஸ்ஸத்