மழையைப் பற்றி மட்டும்

சியாங் மாய்
18 மார்ச் 2024

அன்புத் தம்பி துரெய்னுக்கு,

மா பியூ சரக்கெடுக்க வந்திருக்கிறாள். நாளைக் காலை எல்லை தாண்டி யாங்கோனுக்குத் திரும்புகிறாள். இந்தக் கடிதம் ஊறல் தேயிலைப் பொட்டலத்தின் அடியில் இருக்கும். தேயிலையைத் தின்றுவிட்டு உறையைக் குப்பையில் போட்டுவிடாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

நான் நலம். சலவைக் கடையில் இப்போது பகல் வேலை. ஓட்டல் விரிப்புகளை மடிக்கிறேன். ராணுவ ஆட்சிக்கு எதிரான வேலைநிறுத்தத்துக்கு முன்பு எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்தியவள் என்று இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் விரிப்பு சீக்கிரம் மடியப் போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கட்டாய ராணுவச் சேவைக்கு வார்டு வார்டாகச் சீட்டுக் குலுக்கப் போகிறார்கள் என்று மா பியூ சொன்னாள். உனக்கு இருபத்தெட்டு. இன்னும் ஏழு வருஷம் உன் பெயர் அந்தப் பெட்டிக்குள் கிடக்கும். நீ சட்டப்படி வெளியே வர ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். வெளிநாடுகளில் ஓவியர்களை அழைத்து, இரண்டு மூன்று மாதம் தங்க அறையும் வேலை செய்யக் கூடமும் தருகிறார்கள். ரெசிடென்சி என்று பெயர். அழைப்புக் கடிதம் வந்தால் விசா கிடைக்கும், விமானம் ஏறலாம். பதினோரு இடங்களை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கடைசித் தேதிகளுக்குச் சிவப்பு மை.

பத்துப் படங்களின் புகைப்படம் வேண்டும். போன முறை அனுப்பியவற்றில் மூன்றில் உன் கால்விரல் தெரிந்தது. பிறகு ஒரு பக்கம், நீ ஏன் வரைகிறாய் என்று. நீ பர்மிய மொழியில் எழுது, நான் ஆங்கிலத்தில் எழுதுகிறேன்.

சாப்பிடு. எலும்பாகிவிட்டாய் என்கிறாள் மா பியூ.

உன் அக்கா,
நிலார்


யாங்கோன்
5 ஏப்ரல் 2024

அன்பு அக்காவுக்கு,

மா பியூ கீழே வந்து, தொங்கும் கயிற்றை இழுத்து மேலே மணியடித்தாள். எட்டிப் பார்த்தேன், பொட்டலத்தைக் கயிற்று நுனிக் கிளிப்பில் மாட்டினாள், ஆறாவது மாடிக்கு இழுத்தேன். பால்கனிக் கயிறு மட்டும் நம் வீட்டில் இன்னும் ஒழுங்காக வேலை செய்கிறது. மின்சாரம் நாலு மணி நேரம். போனை விட்டுவிட்டேன். சோதனைச் சாவடியில் திறந்து பார்க்கிறார்கள், பிடித்துப் போக ஒரு பழைய படம் போதும். ஆகவே இனி காகிதம்தான்.

நேற்று வார்டு எழுத்தர் குடும்பப் பட்டியலைச் சரிபார்க்க வந்தார். உன் பெயருக்கு நேரே விரலை வைத்தார்.

"இவ எங்கடா?"

"தாய்லாந்துல துணி துவைக்கிறா சார்."

"இங்க துவைக்கத் துணியே இல்லையாக்கும்?" என்றவர் என் வண்ண டப்பாக்களைப் பார்த்தார். "வீட்டுக்கு வெள்ளையடிக்கிறியா?"

"ஆமா சார். ஒரே சுவரை மூணு வருஷமா அடிக்கிறேன்."

சிரித்துவிட்டுப் போனார். கெட்ட மனிதர் இல்லை. கையில் பட்டியல் இருக்கிறது, அவ்வளவுதான்.

புகைப்படங்கள் இதோடு வரும் சின்ன மெமரி கார்டில் உள்ளன. கால்விரல் இல்லை, எண்ணிப் பார்த்துக்கொள். பத்தும் மழை. தகரக் கூரை மேல் மழை, மூடிய கடைக் கதவின் மேல் மழை, காலி பஸ் நிறுத்தத்தில் மழை. ஏன் வரைகிறேன் என்றால், அப்பா நாற்பது வருஷம் சினிமாத் தட்டிகளில் நடிகர்களின் முகத்தை வரைந்தார். மழை பெய்தால் முகமெல்லாம் வழிந்து போகும். மறுநாள் ஏணி போட்டு மறுபடி வரைவார். நான் வழிந்ததைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். இதை எழுது.

இரண்டு விஷயம். ஒன்று, 2021 மார்ச்சில் ராணுவத்தை எதிர்த்து மேம்பாலத்தில் தொங்கவிட்டோமே அந்தத் துணி, அதைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். எட்டுப் பேர் வரைந்தது அது. இரண்டு பேர் உள்ளே இருக்கிறார்கள். அவர்கள் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் மீதி ஆறு பேர் தெருவில் நடக்கிறோம். இரண்டாவது, பாஸ்போர்ட்டுப் பெயர் விசாவுக்கு மட்டும். வெளியே தெரிகிற இடத்தில் எல்லாம் 'மோ' என்று போடு. மோ என்றால் மழைதானே, அது போதும்.

தேயிலை நன்றாக இருந்தது. பூண்டு கொஞ்சம் அதிகம்.

தம்பி,
துரெய்ன்


சியாங் மாய்
27 மே 2024

அன்புத் தம்பிக்கு,

பூண்டைப் பற்றிப் பேச உனக்குத் தகுதி இல்லை. நீ வைத்த மீன் குழம்பை அப்பாவே தொடவில்லை.

மூன்று பதில்கள் வந்துவிட்டன. பின்லாந்து இல்லை. தைவான் இல்லை. கொரியா, இந்த ஆண்டு விண்ணப்பங்கள் மிக அதிகம், இல்லை. மூன்றுமே மிக மரியாதையாக எழுதுகிறார்கள். முதல் வரியைப் படிக்கும்போது கிடைத்துவிட்டது என்றே தோன்றும்.

நம்மூர் ஓவியர் ஒருவர், இரண்டு முறை ஐரோப்பா போய் வந்தவர், ஞாயிறு ஒரு காப்பிக் கடையில் பேசினார். முடிந்ததும் உன் விண்ணப்பப் பக்கத்தைக் காட்டினேன். நின்றபடியே படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மழை எல்லா ஊர்லயும் பெய்யுதேம்மா."

"அவன் வரையறது அதைத்தானே?"

"ஐநூறு பேர் எழுதுறாங்க. படிக்கிறவங்களுக்கு ஒரு காரணம் வேணாமா? உங்க தம்பிக்கு என்ன ஆபத்துன்னு எழுதுங்க. ஒண்ணும் இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் அதை ஏன் ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

வீட்டுக்கு நடந்தே வந்தேன். துரெய்ன், நான் கேட்கிறேன் என்று கோபப்படாதே. அந்தத் துணியைப் பற்றி ஒரே ஒரு பத்தி. என்னிடம் அன்றைக்கு எடுத்த படம் இருக்கிறது. நடுவர்கள் மூன்று பேர் மட்டும் படிப்பார்கள், அதோடு சரி. டென்மார்க்கில் ஒரு தீவு. கடைசித் தேதி ஜூன் 30. ஆபத்தில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை என்று அவர்களே போட்டிருக்கிறார்கள்.

சரி என்று ஒரு வார்த்தை எழுது.

அக்கா,
நிலார்


யாங்கோன்
14 ஜூன் 2024

அக்கா,

வேண்டாம்.

கோபம் இல்லை. மூன்றாவது மாடி யாஸாவின் பெயர் குலுக்கலில் விழுந்தது, அன்றே கூட்டிப் போய்விட்டார்கள். மறுநாள் காலை அவன் அம்மா என் கயிற்றில் ஒரு டப்பா மொஹிங்கா மாட்டி மணியடித்தாள். "அவனுக்குன்னு செஞ்சேன், ஆறிப் போகுது, நீயாவது தின்னு" என்று கீழே இருந்து கத்தினாள். தின்றேன். அதனால் எனக்குப் பயமில்லை என்று நினைக்காதே.

ஆனால் அந்தத் துணி எட்டுப் பேருடையது. அதைக் காட்டி நான் ஒருவன் போய்த் தீவில் உட்கார்ந்தால், உள்ளே இருக்கும் இருவருக்கு அது எந்த மூலையிலாவது கேட்கும். மழையென்று எழுதி எந்த ஊரில் கதவு திறக்கிறதோ அந்த ஊருக்கு வருகிறேன். நோட்டில் இன்னும் ஏழு இடம் இருக்கிறதே. சிவப்பு மை தீர்ந்துவிட்டதா?

பாஸ்போர்ட் புதுப்பித்தாகிவிட்டது. போட்டோவில் திருடன் மாதிரி இருக்கிறேன். உன் முகச்சாடை.

துரெய்ன்


சியாங் மாய்
19 ஆகஸ்ட் 2024

என் தங்கத் தம்பிக்கு,

கிடைத்துவிட்டது!

டென்மார்க். மூன்று மாதம். கடல் தெரிகிற கூடம், வடக்குப் பக்க ஜன்னல். சலவைக் கடையில் சத்தமாகப் படித்தேன். முதலாளியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் எனக்கு ஒரு இளநீர் வெட்டித் தந்தாள்.

அழைப்புக் கடிதம் பொட்டலத்தில் இரண்டாவது அடுக்கில், பிளாஸ்டிக்கில் சுற்றி இருக்கிறது. அக்டோபர் 3 யாங்கோனிலிருந்து பாங்காக். விசாவுக்குப் பாங்காக்கில்தான் நேர்காணல். டிக்கெட்டை அவர்களே போடுகிறார்கள். விமான நிலையத்தில் கேட்டால் கண்காட்சி பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொல்.

மழையைத்தான் எழுதினேன். கவலைப்படாதே.

கனமான சட்டை வாங்காதே, இங்கே மலிவு. தூரிகை கொண்டு வா. நான் பாங்காக் வந்து நிற்பேன். மூன்று வருஷமாகிறது, என் தலையில் நரை. பார்த்ததும் சிரிக்கக் கூடாது.

உன் அக்கா,
நிலார்


யாங்கோன்
2 செப்டம்பர் 2024

அன்பு அக்காவுக்கு,

பதினேழு முறை படித்தேன். என் ஆங்கிலம் உனக்குத் தெரியும். அகராதியை வைத்து வார்த்தை வார்த்தையாகத் தேடினேன். ஒரு வார்த்தைக்குத் 'தைரியம்' என்று இருந்தது. என் வேலையின் தைரியத்தைப் பாராட்டுகிறார்களாம். மழை வரைய என்ன தைரியம் அக்கா? குடையில்லாமல் நின்றதைச் சொல்கிறார்களா?

டேனிஷ்காரர்கள் மரியாதைக்காரர்கள் போலிருக்கிறது. எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவார்களோ என்னவோ.

படங்களைச் சுருட்டியாகிவிட்டது. அப்பாவின் தட்டையான தூரிகையை எடுத்து வைத்திருக்கிறேன். கைப்பிடியில் இன்னும் ஏதோ ஒரு நடிகனின் மீசைக் கறுப்பு. வீட்டுச் சாவியை யாஸாவின் அம்மாவிடம் கொடுப்பேன். கயிற்றை அவிழ்க்கப் போவதில்லை. கயிறு தொங்கினால் ஆள் இருப்பதாக நினைப்பார்கள்.

அவர்கள் இணையத்தில் பெயர் போடுவதாக இருந்தால் 'மோ' தான் என்று இன்னொரு முறை சொல்லிவிடு. நான் விமானத்தில் ஏறிய பிறகு என்னவாவது போட்டுக்கொள்ளட்டும்.

உன் நரையைப் பார்த்துக் கண்டிப்பாகச் சிரிப்பேன்.

தம்பி,
துரெய்ன்


சியாங் மாய்
11 செப்டம்பர் 2024

துரெய்ன்,

இதைப் படித்த உடனே வீட்டை விட்டுக் கிளம்பு. அக்டோபர் மூன்றாம் தேதிக்குக் காத்திருக்காதே. மா பியூவோடு எல்லைக்கு வா. எதையும் எடுக்காதே.

அந்தத் தீவுக்காரர்கள் இந்த ஆண்டு வரப்போகிறவர்களின் பட்டியலை இரண்டு நாள் முன்பு இணையத்தில் போட்டார்கள். ஐந்தாவது பெயர் உன்னுடையது. துரெய்ன் சோ, முழுதாக. கீழே மேம்பாலத் துணியின் படம். ஓரத்தில் நீ தூரிகையோடு நிற்கிறாய்.

நான்தான் செய்தேன். ஜூன் 29 அன்று உன் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டே அந்தப் பத்தியை எழுதினேன். படத்தையும் நானே அனுப்பினேன். படிவத்தில் பெயருக்கு இரண்டு கட்டம். ஒன்று பாஸ்போர்ட்டில் உள்ளது, மற்றது எல்லோரும் பார்க்கப் போவது. இரண்டிலும் உன் பெயரையே எழுதினேன். மறதி இல்லை. நீ சொன்னது நினைவிருந்தது. அப்பா நாற்பது வருஷம் வரைந்தார், ஒரு தட்டியிலும் ஒரு மூலையிலும் அவர் பெயர் கிடையாது. நம் வீட்டுப் பெயர் ஒன்று ஓரிடத்திலாவது முழுதாக வரட்டும் என்று தோன்றியது. கிடைத்தால்தானே போடப் போகிறார்கள் என்றும் நினைத்தேன்.

எடுக்கச் சொல்லி உடனே எழுதினேன். ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். படிவத்தில் தந்த பெயரையே போட்டோம், மன்னியுங்கள் என்று பதில் வந்தது. அதற்குள் ராணுவ ஆதரவுப் பக்கம் ஒன்று அந்தப் படத்தை எடுத்துப் போட்டுவிட்டது. உன் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

உன்னிடம் போன் இல்லை. கீழே டீக்கடைக்குப் பேசினேன். "அவன் இங்க வர்றதில்லம்மா. இந்த நம்பருக்கு இனிமே அடிக்காதீங்க" என்று வைத்துவிட்டார். சண்டையால் சாலை மூடியிருக்கிறதாம். மா பியூ படகில் வருகிறாள். ஐந்து நாள் ஆகும் என்கிறாள்.

கிளம்பு.

அக்கா


சியாங் மாய்
17 அக்டோபர் 2024
தாடிங்யூட் பௌர்ணமி

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதம் எங்கும் போகாது. மா பியூ என் போன கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பித் தந்துவிட்டாள். அதன் மேலேயே இதை வைக்கப் போகிறேன்.

"கயிறு தொங்குச்சு," என்றாள். "இழுத்தேன். மேல மணி அடிக்கிற சத்தம் நல்லாவே கேட்டுச்சு. யாரும் எட்டிப் பாக்கல. இன்னொரு தடவை இழுத்தேன். மூணாவது மாடி அம்மா ஜன்னல்ல வந்து கையை ஆட்டுனா, போ போன்னு. நான் போய்ட்டேன் நிலார். என்னை மன்னிச்சுரு."

உன்னைச் செப்டம்பர் 12 காலையிலேயே பிடித்துப் போய்விட்டார்கள். மா பியூ அப்போது எல்லை ஆற்றைக்கூடக் கடந்திருக்கவில்லை. எழுத்தர்தான் குடும்பப் பட்டியலோடு முன்னால் வந்தாராம். மறுவாரம் அந்த ஆறு பேரில் இன்னும் இருவரைப் பிடித்தார்கள். உனக்குப் பத்து வருஷம் சிறை என்று வக்கீல் சொன்னார். தீவிலிருந்து எழுதியிருக்கிறார்கள், அறையைக் காலியாகவே வைத்திருப்பார்களாம். கதவில் உன் பெயரை ஒட்டியிருக்கிறார்களாம். முழுப் பெயர்.

ஒவ்வொரு தாடிங்யூட்டுக்கும் நீ என் முன்னால் மண்டியிட்டு, "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச தப்பையெல்லாம் மன்னிச்சிடுக்கா, உன் சைக்கிளை ஓட்டையாக்குனதையும் சேர்த்து" என்பாய். நான் தலையில் குட்டிவிட்டு மன்னிப்பேன். இன்று அறையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, யாங்கோன் இருக்கும் பக்கம் பார்த்து மண்டியிட்டேன். மூத்தவள் இளையவன் முன் மண்டியிடும் வழக்கம் நம்மிடம் இல்லை. என்ன சொல்வது என்று வார்த்தையும் இல்லை. தெரியாமல் என்று என்னால் சொல்ல முடியாது.

மாதம் ஒரு கடிதம் உனக்கு எழுதலாமாம். ஒரே பக்கம். வழக்கு, அரசியல், வெளிநாட்டு ஆட்கள், உன் ஓவியம் எதுவும் கூடாது. அதிகாரி படித்து முத்திரை வைத்த பிறகே உன் கைக்கு வரும். "குடும்பச் சேதி, சீதோஷ்ணம், அவ்ளோதான்" என்றார் வக்கீல்.

நிலார்


சியாங் மாய்
3 நவம்பர் 2024

அன்புத் தம்பி துரெய்னுக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

இங்கே மழைக்காலம் முடிந்துவிட்டது என்றார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை மதியம் திடீரென்று ஒரு மழை. முதலில் சலவைக் கடையின் தகரக் கூரையில் நாலைந்து துளி, யாரோ விரலால் தட்டுவது போல. பிறகு ஒரே சத்தம், பேசினால் கேட்கவில்லை. எதிர்க் கடையின் இரும்புக் கதவில் தண்ணீர் நேராக இறங்கவில்லை. ஒவ்வொரு மடிப்பிலும் நின்று, கொஞ்சம் சேர்ந்து, பிறகு அடுத்த மடிப்புக்கு விழுந்தது. இதை நான் முன்பு கவனித்ததில்லை. பஸ் நிறுத்தத்தில் யாரும் இல்லை. பெஞ்சின் பச்சை வண்ணம் நனைந்ததும் ஏறக்குறையக் கறுப்பாகிவிட்டது, ஓரத்தில் மட்டும் பச்சை. இருபது நிமிஷம் பெய்தது. நின்ற பிறகும் கூரை வெகுநேரம் சொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் மழை இருக்காது. பனியைப் பற்றி எழுதுகிறேன்.

உன் பக்கம் பெய்ததா என்று எழுது. ஒரு வரி போதும்.

உன் அக்கா,
நிலார்